விபத்தைச் சொல்லாமல் போட்டுக்காட்டிய இசைத்தட்டு

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கித்தார் வகுப்பு எடுக்கிறேன். டிக்கோயா, நோர்வூட், கொட்டகலைப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேருக்குக் கோயில் பஜனையிலோ சேர்ச்சிலோ வாசிக்க ஆசை. மீதிப் பேர் கலியாண வீட்டு மியூசிக் குரூப்பில் சேர நினைக்கிறவர்கள். வருடக் கடைசியில் எல்லாரையும் உட்காரவைத்து, ஒரு இசைத்தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கவைப்பேன். இடையில் போனைத் தொடக் கூடாது. முடிந்ததும் பேசுவோம்.

அடுத்தடுத்த இரண்டு வருடமும் ஒரே தட்டைத்தான் போட்டேன். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரின் ‘த எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ்’ குழு வெளியிட்ட முதல் தட்டு, ‘கித்தார் ரொமான்டிக்’. அதே அறை, அதே ஸ்பீக்கர், ஏறக்குறைய அதே வயதுப் பிள்ளைகள். முதல் வருடம் அறை எழவு வீடுபோல இருந்தது. இரண்டாம் வருடம் பிள்ளைகள் மேசையில் தாளம் போட்ட வேகத்தில் என் தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். அது என்ன, ஏன் மாற்றினேன் என்பதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

தட்டும் அதன் வம்சமும்

பாப் பங்க் என்ற இசை வகையைச் சொன்னால் நம் பக்கத்தில் பலருக்கு 1994இல் கிரீன் டே குழு உலகம் முழுக்கப் பேர் வாங்கியதற்குப் பிந்திய சத்தம்தான் நினைவுக்கு வரும். வேர் அதற்கும் முந்தியது. 1976இல் நியூயோர்க்கின் ராமோன்ஸ் குழு முதல் தட்டை வெளியிட்டது. 14 பாட்டு, மொத்தமே அரை மணிக்கும் குறைவு. அப்புறம் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ், வட அயர்லாந்தின் டெரியில் அண்டர்டோன்ஸ். முரட்டு வேகத்துக்குள் காதல் பாட்டின் மெட்டை வைக்கலாம் என்று காட்டியவர்கள் இவர்கள். எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் இந்த வழியில் வந்த குழு. இவர்களைப் பவர் பாப் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பெயர்ச் சண்டையில் அக்கறை இல்லை. கேட்டால் இரண்டும் தெரியும்.

பாட்டும் கித்தாரும் அடம் கொக்ஸ், இன்னொரு கித்தார் டெரி சிக்ஸ், பேஸ் மாட் ஃபிட்ஸ்ஜெரால்ட், டிரம்ஸ் ஜெரமி கேஜ். தொடக்கத்தில் கீபோர்ட் வாசித்து, பாட்டுக் கட்டுவதிலும் கை கொடுத்தவர் கிங் லூயி பாங்க்ஸ்டன். தட்டை டர்ட்நாப் என்ற சின்னக் கம்பனி 2003 ஏப்ரல் 1ஆம் தேதி வெளியிட்டது. 10 பாட்டு. ராமோன்ஸைப் போலவே இதுவும் அரை மணியைத் தொடுவதில்லை. அட்டை ரோஸும் மஞ்சளுமாகத் திருவிழாக் கடை பலூன் மாதிரி இருக்கும்.

அந்த 2003இல் இங்கே எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுத்தநிறுத்தம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாட்டு வேண்டுமென்றால் துண்டில் எழுதிக்கொடுத்து கசட்டில் அடித்து வாங்குவோம். இன்டர்நெட் என்றால் கொம்யூனிகேஷன் கடையில் நிமிடக் கணக்கில் காசு. போர்ட்லாந்தின் சின்னக் கம்பனித் தட்டு ஒன்று ஹட்டனுக்கு வந்து சேர வழியே கிடையாது. எனக்குப் பல வருடம் கழித்து, கொழும்பில் வேலை செய்த மச்சான் ஒருவர் கொண்டுவந்த பென்ட்ரைவில் கிடைத்தது. அட்டைப் படம் இல்லை. குழுவின் பெயரும் பாட்டுப் பெயர்களும் மட்டும். மாதக்கணக்கில் அதைச் சந்தோஷமான தட்டாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கேட்டேன், சட்டை தோய்க்கும்போது கேட்டேன். இது முக்கியம். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

காதில் ஏன் நிற்கிறது

முதலில் ஒலி. முதல் பாட்டு ‘மாடர்ன் கிக்ஸ்’ தொடங்கியதுமே, 1970களின் கடைசியில் வந்த ஒரு தட்டைத் தூசி தட்டிப் போட்டதுபோல இருக்கும். குரல் கொஞ்சம் தள்ளி, பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலக் கேட்கும். கித்தார் கீச்சென்று முன்னால் நிற்கும். அடிச் சத்தம் மூடிப்போட்ட மாதிரி. 2003இல் வானொலியில் ஓடிய பாப் பங்க் எல்லாம் கண்ணாடிபோலத் துடைத்து மினுக்கிய ஒலி. ஒவ்வொரு டிரம் அடியும் தனித்தனியாகத் தெரியும். அதற்கு நடுவில் இதைப் போட்டால் யாருக்கும் ‘பதிவு சரியில்லை’ என்றுதான் தோன்றும். கவனிக்காமல் விடப்பட்டதற்கு இது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் இரண்டாவது தடவை கேட்கும்போது புரியும், இது வசதியில்லாமல் வந்த மங்கல் இல்லை. அந்தப் பாட்டுகளுக்கு அந்த மங்கல் வேண்டும். காதலில் தோற்றவன் கண்ணாடி மேடையில் நின்று பாடினால் நம்பமாட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் பாடினால் நம்புவோம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. பக்கத்துக் காம்பிராவின் சிரிப்பும் சண்டையும் ரேடியோவும் சுவர் வழியாகத்தான் நம் வீட்டுக்குள் வந்தன.

அடுத்தது கை. இந்தப் பாணியில் கித்தாரை மேலிருந்து கீழாகவே அடிக்க வேண்டும். கீழும் மேலுமாக மாற்றி மாற்றி அடித்தால் சுலபம், ஆனால் அழுத்தம் போய்விடும். நிமிடத்துக்கு 170 தாளத் தட்டு வேகம் என்று வைத்துக்கொண்டால், தட்டுக்கு இரண்டு அடி வீதம் நிமிடத்துக்கு 340 அடி. இரண்டரை நிமிடப் பாட்டுக்கு 850. பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகச் சொன்னால் ஏறாது. வகுப்பில் பத்து வருடமாகத் தேயிலைக் கொழுந்து கொய்த கையோடு வந்த ஓர் அக்கா இருந்தார். கித்தார் பிடிக்கத் தெரியாத முதல் வாரத்திலேயே அவருடைய மணிக்கட்டு மட்டும் சோரவில்லை. மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் கையை உதறினார்கள்.

மூன்றாவது, சுரம். பங்க் கித்தாரில் பெரும்பாலும் பவர் கோர்ட் என்று ஒன்று பிடிப்பார்கள். ச-வும் ப-வும் மட்டும். நடுவில் வரும் க, அதாவது காந்தாரம், கிடையாது. மாரியம்மன் கோயில் பஜனையில் சுருதிப்பெட்டி பிடிக்கிற அதே ச-ப தான். காந்தாரம் இல்லாததால் அது சந்தோஷமா துக்கமா என்று கித்தார் முடிவு செய்வதில்லை. குரல்தான் முடிவு செய்கிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, நான் ச-ப மட்டும் வாசித்து ஒருவரை மேல் காந்தாரமும் இன்னொருவரைக் கீழ்க் காந்தாரமும் பாடச் சொல்வேன். ஒரே கித்தார், இரண்டு மனநிலை. அடம் கொக்ஸின் குரல் அந்த இடைவெளியில்தான் விளையாடுகிறது. சொல்வது மனமுடைந்த கதை, மெட்டு துள்ளல். ஆறாவது பாட்டு ‘ரூமர்ஸ் இன் டவுன்’. பெயருக்கே ஊர்ப்பேச்சு என்றுதான் பொருள். அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே கால் ஆடாத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

110 நாள்

2003 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. சான் பிரான்சிஸ்கோவில் வாசித்துவிட்டு வேனில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரிகனின் யூஜீன் நகருக்குப் பக்கத்தில் வேன் நெடுஞ்சாலையை விட்டு விலகி உருண்டது. அடம் கொக்ஸுக்கு 23 வயது, ஜெரமி கேஜுக்கு 21, மாட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 20. மூவரும் போய்விட்டார்கள். டெரி சிக்ஸும் உடன் வந்த மேலாளரும் பிழைத்தார்கள். வீடு சேர இன்னும் 180 கிலோமீட்டர் அளவுதான் இருந்தது. தட்டு வெளிவந்து 110 நாள்.

கலியாண வீட்டில் விடிய விடிய வாசித்துவிட்டு, பெட்டிகளுக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டு வேனில் வளைவு வளைவாக ஏறி வந்த எவருக்கும் இதை வாசிக்கும்போது வயிற்றைப் பிசையும். எனக்கு இப்போதும் பிசைகிறது.

ஒரு சின்னக் கம்பனியின் முதல் தட்டு எப்படிப் பரவும்? விளம்பரத்துக்குக் காசு இருக்காது. குழுவே ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டுத் தட்டை விற்க வேண்டும். வாங்கியவர் வீட்டில் நாலு பேருக்குப் போட்டுக்காட்டுவார். ஒன்றிரண்டு வருடத்தில் அடுத்த தட்டு வரும், அதைக் கேட்டவர்கள் முதல் தட்டைத் தேடுவார்கள். நமக்கும் இது புதிதல்ல. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மை தொழிலாளர் நிலையைப் பாட்டுப் புத்தகமாக அச்சிட்டு, கூட்டங்களில் தானே நின்று பாடித்தான் தோட்டங்களுக்குள் கொண்டுபோனார். பாட்டுக்குக் கால் கிடையாது, ஆள்தான் தூக்கிப் போக வேண்டும். எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸின் தட்டைத் தூக்கிப் போக 110ஆம் நாளுக்குப் பிறகு குழு இல்லை.

விமர்சகர்கள் பாராட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். 2006இல் டர்ட்நாப், மிச்சமிருந்த பதிவுகளைத் தொகுத்து ‘ஷாட்டர்ட்’ என்று வெளியிட்டது. டெரி சிக்ஸ் பின்னால் ‘த நைஸ் பாய்ஸ்’ குழுவைத் தொடங்கினார். பிறகு லூயி பாங்க்ஸ்டனோடு சேர்ந்தும் பாடினார். லூயி 2022இல் காலமானார். 2023இல், 20 வருடம் கழித்து, தர்ட் மேன் ரெக்கோர்ட்ஸ் கம்பனி ‘கித்தார் ரொமான்டிக்’கை மறுபடி வெளியிட்டது. தேடுகிறவர்களுக்குக் கிடைக்காத தட்டு இல்லை இது. ஆனால் தேட ஒருவருக்கு முதலில் பெயர் தெரிய வேண்டும். தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விபத்தோடு சேர்த்துத்தான் தெரியும்.

முதல் வருடம்

நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஸ்பீக்கரைப் போடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் பேசினேன். வேன், அதிகாலை, மூன்று பேரின் வயது எல்லாம் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான். இந்தப் பிள்ளைகள் மரியாதையோடு கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

மரியாதையோடுதான் கேட்டார்கள். யாரும் அசையவில்லை. துள்ளலான பாட்டுக்குக்கூடத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். முடிந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“பாவம் சேர்” என்றான் ஒருவன்.

“அவங்க அம்மா அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்” என்றாள் இன்னொருத்தி.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எந்தப் பாட்டு பிடித்தது என்று கேட்டதற்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷமான 10 பாட்டை நான் அவர்களுக்கு ஒப்பாரியாக்கிக் கொடுத்துவிட்டேன். அன்று மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வகுப்பு கலைந்த பிறகு தனியாக உட்கார்ந்து மறுபடியும் போட்டேன். எனக்குமே முன்போலக் கேட்கவில்லை. அட்டைகூட இல்லாமல் பஸ்ஸில் கேட்ட அந்தத் தட்டு எங்கே போனது என்று தோன்றியது.

அப்பாயியிடம் கேட்ட கேள்வி

அப்போது என் தவறு என்ன என்று பிடிபடவில்லை. பிடிபட்டது 2023இல், எங்கள் தோட்டத்தில்.

தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் தோட்ட வேலைக்கு வந்து 200 வருடம் ஆனதற்கு ‘மலையகம் 200’ நினைவுகூரல் நடந்த வருடம். வெளியூரிலிருந்து ஒரு குழு பழைய பாட்டுகளைப் பதிவு செய்ய வந்தது. மைக் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நல்ல பிள்ளைகள், அக்கறையாகத்தான் வந்தார்கள். அப்பாவின் அம்மாவான எங்கள் அப்பாயியை லயத்து வாசலில் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். எண்பதைத் தாண்டியவர். கஷ்டத்தைப் பற்றிய பாட்டு தெரியுமா என்று கேட்டார்கள். பாடினார். வந்த வழியில் செத்தவர்களைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார்கள். அதற்கும் பாடினார். ஒப்பாரி ஒன்றை மூன்று தடவை பாடவைத்தார்கள், குரல் இன்னும் தழுதழுக்க வேண்டும் என்று. அப்பாயி இரண்டு தடவை, “வேற ஒன்னு இருக்கு, பாடவா?” என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்றார்கள்.

அவர்கள் வேனில் ஏறிய பிறகு, நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, அப்பாயி தானாக ஆரம்பித்தார். கங்காணியின் தலைப்பாகையைக் கேலி செய்கிற பாட்டு. கொழுந்து நிறுக்கும்போது அது தராசில் விழுந்து, அதையும் சேர்த்து நிறுத்தாராம். தொடையில் தட்டித் தட்டிப் பாடினார். கடைசி அடிக்கு வரும்போது சிரிப்பு தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கையில் மைக் இருந்தது. வயரைக் கழற்றியிருந்தேன்.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்த மலைநாட்டுப் பாடல்களைப் புரட்டினால், துயரம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கேலியும் காதலும் குறும்பும் இருக்கிறது. ஆனால் மலையகப் பாட்டு என்றதும் கேட்கிறவர் முகத்தில் முதலில் அனுதாபம் வந்துவிடுகிறது. அந்த அனுதாபத்தில் சிரிப்புப் பாட்டுக்கு இடம் கிடையாது. சாவும் பட்டினியும் பொய்யில்லை. எங்கள் குடும்பத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. ஆனால் அப்பாயி பாட விரும்பிய பாட்டு அது இல்லை. அடம் கொக்ஸும் மற்ற மூவரும் அந்தத் தட்டைப் போட்டது எதற்காக என்று யோசித்தேன். இருபது வயதை ஒட்டிய பையன்கள். தாங்கள் சாகப் போவதாக நினைத்து ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. அதைச் சாவுக்குறிப்பாகக் கேட்பது அவர்கள் செய்யாத ஒரு வேலையை அவர்கள் தலையில் கட்டுவது.

இந்தத் தட்டு இரண்டு தடவை கவனிக்கப்படாமல் போனது என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு தடவை, தூக்கிப் போக ஆள் இல்லாததால். இன்னொரு தடவை, தூக்கி வந்த எங்களைப் போன்றவர்கள் விபத்தை முன்னால் வைத்து நீட்டியதால். இரண்டாவதுக்கு நாங்கள்தான் பொறுப்பு.

இரண்டாம் வருடம்

அடுத்த வருடத்துப் பிள்ளைகளிடம் மூன்றே விஷயம் சொன்னேன்: இசைக்குழுவின் பெயர், ஊர், வருடம். போட்டேன்.

மூன்றாவது பாட்டிலேயே கால்கள் ஆடத் தொடங்கின. ஆறாவது பாட்டில் கோப்பை உடைந்தது. முடிந்ததும் நான் கேள்வி கேட்கவே பிள்ளைகள் இடம் கொடுக்கவில்லை.

“சேர், இவங்களுக்கு ஸ்டூடியோவுக்குக் காசு இல்லையா? ஒரே மங்கலா இருக்கு.”

“இல்லடா, வேணும்னே செஞ்சிருக்காங்க. கித்தார் மட்டும் எப்படி கிளியரா கேக்குது?”

இருபது நிமிடம் சண்டை. நான் முன்பு எழுதிய சுவர்க் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அன்று டிக்கோயாப் பையன் ஒருவன் சொன்னது: “பக்கத்துக் காம்பிராவுல பாடுற மாதிரி இருக்கு சேர்.” ஒருத்தி போனை எடுத்து, கடைசிப் பாட்டில் பின்குரல் எங்கே சேர்கிறது என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கலியாணக் குரூப்பில் சேர வந்த பையன், ஜெரமி கேஜ் டிரம்ஸில் செய்கிற உருட்டலைத் தப்பு மேளத்தில் செய்ய முடியுமா என்று கேட்டான். முடியும். அடுத்த வாரம் அவன் மாமாவின் தப்போடு வந்து செய்தும் காட்டினான்.

அப்புறம் நோர்வூட்டிலிருந்து வருகிற பிள்ளை, எல்லாம் ஓய்ந்த பிறகு கேட்டாள்: “அடுத்த தட்டு எங்க சேர்? அதையும் போடுங்க.”

அப்போதுதான் சொன்னேன். வருடமும் தேதியும் ஊரும் மூன்று வயதும். அறை அமைதியாகிவிட்டது. ஆனால் போன வருடத்து அமைதி இல்லை. போன வருடம் தெரியாத மூன்று பேருக்காகப் பாவம் பார்த்தார்கள். இப்போது வர வேண்டிய ஒரு தட்டு வராமல் போனதை நினைத்து இருந்தார்கள். டிக்கோயாப் பையனின் கண் கலங்கியிருந்தது. அவன் கேட்டான், “ஆறாவதை இன்னொருக்கா போடலாமா சேர்?” போட்டேன். இந்தத் தடவையும் தாளம் போட்டார்கள், கொஞ்சம் மெதுவாக.

இதை வைத்துப் பெரிய முடிவு சொல்ல என்னிடம் இருப்பது இரண்டே வகுப்பு. முதல் குழு இயல்பிலேயே அமைதியான பிள்ளைகளாக இருந்திருக்கலாம். அன்றைய மழையும் சேர்ந்திருக்கலாம். அதனால் முதல் குழுவில் நாலு பேரை மறுபடி கூப்பிட்டு, வேறொரு தட்டை எதுவும் சொல்லாமல் போட்டுப் பார்த்தேன். வாய் ஓயாமல் பேசினார்கள். எனக்கு அது போதும்.

இப்போது புதிய குழுவுக்கு எந்தத் தட்டைப் போட்டாலும் பாட்டுதான் முதலில். குழுவின் கதையை அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்கிறேன். கேட்காமல் போனவர்களும் உண்டு. அவர்கள் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், நல்லது.

போன தைப்பொங்கலுக்கு நோர்வூட் பிள்ளையும் தப்புக்காரப் பையனும் என்னோடு அப்பாயி வீட்டுக்கு வந்தார்கள். மைக்கைச் செருகி, எதுவும் கேட்காமல் முன்னால் வைத்தேன். அப்பாயி தலைப்பாகைப் பாட்டைத்தான் எடுத்தார். பிள்ளை ச-ப மட்டும் பிடித்து, மேலிருந்து கீழாக அடித்தாள். கிழவிக்குக் கஷ்டமாக இருக்குமே என்று பயந்து வேகத்தைக் குறைத்தே வாசித்தாள். இரண்டு அடி பாடிவிட்டு அப்பாயி நிறுத்தினார்.

“என்னாடி இது, ஆமை மாதிரி? வெரசா அடி.”